மஞ்சள் விமானமும் ஐந்து விதிகளும்

பத்திரிகை அலுவலகத்தில் பிழை திருத்திப் பழகியவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் நடக்கும் எல்லாப் பிழைகளையும் மற்றவர்கள்தான் செய்கிறார்கள் என்று மனதார நம்புவார்கள். ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் ஆறு வருடம் இருந்த எனக்கும் அந்த வியாதி முற்றிய நிலையில் இருந்தது. விபத்தில் காயமடைந்தவர்கள் முதல் பத்தியில் ஏழு பேராகவும் நான்காவது பத்தியில் எட்டுப் பேராகவும் இருந்தால், அந்த எட்டாவது ஆளைக் கண்டுபிடித்து வெளியே அனுப்பாமல் வீட்டுக்குக் கிளம்ப மாட்டேன். "உமா கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்று அலுவலகத்தில் சொல்வார்கள். (அதிகம் சொன்னது நான்தான்.)

அந்தக் கண் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்கால் மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், என் கணவர், மாமியார், பயிற்சியாளர் ஆகியோர் முன்னிலையில் என்னைக் கைவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. பொருட்சேதமும் இல்லை. சேதமானது ஒன்றுதான், அதை நான் இன்னும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறேன்.

பத்திரிகையை விட்டபின் வைட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மென்பொருளுக்கு உதவிக் குறிப்பு எழுதுவது வேலை. அதை யாரும் படிப்பதில்லை என்பதால் யாரும் பிழை கண்டுபிடிப்பதும் இல்லை. வாழ்க்கையில் ஏதோ குறைவது போலிருந்தது. அப்படிப்பட்ட ஒரு ஞாயிறு, கோலார் பக்கம் போய்த் திரும்பும் வழியில், ஹொசகோட்டே தாண்டி ஒரு வறண்ட ஏரிப்படுகைக்கு மேலே சின்ன விமானம் ஒன்று குட்டிக்கரணம் அடிப்பதைப் பார்த்தேன். "அஞ்சு நிமிஷம் நிறுத்துங்க" என்று காரோட்டிய கணவர் செந்திலிடம் சொன்னேன். இரண்டு மணி நேரம் கழித்துக் காரில் ஏறியபோது அந்த விமானக் கிளப்பில் உறுப்பினராகியிருந்தேன். செந்தில் அந்த இரண்டு மணி நேரமும் காரிலேயே தூங்கிவிட்டதால் அவருக்குத் தகவல் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

கிளப்பில் பயிற்சி கொடுப்பவர் மூர்த்தி சார். ஓய்வுபெற்ற இன்ஜினியர். கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் சண்டை போடாமல் வாழும் மனிதர். "விமானம் வாங்க பேடா, கட்டணும். கட்டினாத்தான் அதுக்கு எங்கே வலிக்கும்னு தெரியும்" என்றார். பேடா என்றால் வேண்டாம். எனவே கட்டினேன். ஏழு மாதம். பால்சா என்று ஒரு மரம், தெர்மாகோல் எடைதான் இருக்கும். அதை விலா எலும்பு போல வெட்டி, வரிசையாக நிறுத்தி, ஐந்தடி நீளத்துக்கு இறக்கை செய்ய வேண்டும். ஐந்தடி நீளத்துக்குச் சமதளம் எங்கள் வீட்டில் ஒரே இடத்தில்தான் இருந்தது: சாப்பாட்டு மேசை.

ஏழு மாதம் நாங்கள் சோபாவில் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். தோசையில் மரத்தூள் இருந்தது. ஒருநாள் என் இடதுகை ஆள்காட்டி விரலை மூன்றாவது விலாவோடு சேர்த்து ஒட்டிவிட்டேன். அன்று அலுவலக மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு, ஒரு முழு இறக்கையோடு உட்கார்ந்து, "இந்தக் காலாண்டில் நாம் இன்னும் உயரப் பறக்கலாம்" என்று மேலாளர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எலும்புக்கூடு முடிந்ததும் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை ஒட்ட வேண்டும். இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தால் சுருங்கி இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். (செந்திலின் சட்டைகளில் அதன்பிறகு தோன்றிய மஞ்சள் திட்டுகளுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகக் கூறப்படுகிறது.) என்ன நிறம் என்று மூர்த்தி சாரிடம் கேட்டேன். "மஞ்சள். மேலே போனா தனியா தெரியும்" என்றார்.

மஞ்சள் உறை ஒரு சுருள் அன்வர் பாயிடம் இருந்தது. அவர் எங்கள் கிளப்பின் பழைய உறுப்பினர். சிவாஜிநகரில் துணிக்கடை. கடைக்கே வரச் சொன்னார். கல்லாவுக்குப் பின்னாலிருந்து சுருளை எடுத்து, துணி அளக்கும் இரும்புக் கோலை வைத்து அளந்தார்.

"ரெண்டரை மீட்டர் போதும்மா. பிளவுஸ் பிட்டு மாதிரி சுத்தமா கட் பண்ணித் தர்றேன். சிவப்பும் கொஞ்சம் எடுத்துக்கோங்க, இறக்கை நுனிக்கு. ஜோரா இருக்கும்."

"மீதி, பாய்?"

"மீதியை என் பழைய பிளேனுக்குப் போட்டுக்கிறேன். அதுவும் புதுச் சட்டை கேக்குது."

இந்த இடத்தில் எந்தத் துணையாசிரியரும் சிவப்பு மசியில் அடிக்கோடிட்டிருப்பார். நான் "தேங்க்ஸ் பாய்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து பிடிக்கப் போய்விட்டேன்.

விமானம் தயாரான வாரம் செந்தில் ஓர் ஒப்பந்தத்தை முன்வைத்தார். செந்தில் அதிகம் பேசுகிறவர் அல்ல. ஏழு மாதத்தில் மேசையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாதவர், அன்று மடியிலிருந்து சாம்பார் வழிந்து முழங்காலுக்கு வந்ததும் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை உனக்கு சோலோ டெஸ்ட்டுதானே? பாஸ் பண்ணு. பின்னாடி ரூமை உனக்கே விட்டுர்றேன். என் ட்ரெட்மில்லைக்கூட எடுத்துர்றேன். பண்ணலைன்னா மேசை எங்களுக்கு. உன் சாமான் எல்லாம் லாஃப்ட்டுக்கு."

சோலோ டெஸ்ட் என்பது தனியாக ஓட்டும் தேர்வு. அதுவரை பயிற்சியில், தரையில் நின்று விமானத்தை இயக்கும் என் கருவியும் மூர்த்தி சாரின் கருவியும் ஒரு வயரால் இணைந்திருக்கும். ஓட்டுநர் பள்ளிக் காரில் சொல்லித்தருபவரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அது மாதிரி. தேர்வில் அந்த வயர் கிடையாது. தனியாக மேலே ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, எட்டுப் போட்டு, இறக்க வேண்டும். இறக்கினால் எனக்கு ஓர் அறை. இறக்காவிட்டால் ஏழு மாதம் பரணுக்கு.

அந்த வாரம் குடியாத்தத்திலிருந்து என் மாமியார் வந்திருந்தார். கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து, மருத்துவமனையில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடியோடு இருந்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். வாய்வார்த்தையை நம்ப மாட்டார். பால்காரர் நாளை வரமாட்டேன் என்றால்கூட எழுதி வாங்க முடியுமா என்று பார்ப்பார். "நானும் வர்றேம்மா, நீ பிளேன் விடறதைப் பாக்கணும்" என்றார்.

மூன்று பேர் போகிறோம் என்றதும் எனக்குள் இருந்த துணையாசிரியர் எழுந்து உட்கார்ந்தார். பார்வையாளர்களுக்கான விதிகள் என்று தலைப்பிட்டு ஒரு முழுத்தாளில் தட்டச்சு செய்து ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். பந்தலுக்கு முன்னால் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டைத் தாண்டக் கூடாது. ட்ரான்ஸ்மிட்டரை "ரிமோட்" என்று சொல்லக் கூடாது. மூன்றாவது விதியைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன்: விமானம் பறக்கும்போது யாரும், எந்தக் காரணத்தை முன்னிட்டும், விமானியிடம் பேசக் கூடாது. நான்காவது, சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூடாது, பருந்து வரும்.

"கை தட்டலாமா?" என்று செந்தில் கேட்டார்.

யோசித்தேன். கைதட்டல் கவனத்தைக் கலைக்கும். ஆனாலும் கைதட்டல் கைதட்டல்தான். ஐந்தாவது விதியாக "கை தட்டலாம்" என்று சேர்த்தேன்.

அத்தை தாளை இரண்டு முறை படித்தார். "தேதி போடலையேம்மா" என்றார். போட்டுக் கொடுத்தேன். நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை காற்று மேற்கிலிருந்து லேசாக வீசியது. வானத்தில் மேகம் இல்லை. பந்தலின் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் செந்தில், பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு அத்தை. எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி மூர்த்தி சார், கையில் குறிப்பேடும் பேனாவுமாக. "நான் பேச மாட்டேன். நீ என்னைப் பார்க்க பேடா, அதை மட்டும் பார். சொல்ப நிதானம். அஷ்டே" என்றார். அவ்வளவுதான் என்று அர்த்தம்.

"டேக் ஆஃப்!" என்று கத்தினேன். எங்கள் கிளப்பில் யார் மேலே ஏறினாலும் மற்றவர்களுக்குக் கேட்கும்படி கத்த வேண்டும். என் மஞ்சள் விமானம் தரையில் நாற்பதடி ஓடி, தயங்கி, எழும்பியது. பின்னால் கைதட்டல். அந்தச் சத்தத்தில் எங்கோ வலது பக்கம், நிறுத்தியிருந்த ஜீப்புக்கு அப்பாலிருந்து, இன்னொரு "டேக் ஆஃப்!" கேட்டது. என் காதில் விழுந்தது என்று இன்று ஒப்புக்கொள்கிறேன். அது எனக்கான செய்தி இல்லை என்று முடிவு செய்தேன்.

முதல் சுற்று சரியாக இருந்தது. இரண்டாவது சுற்றும். மூன்றாவது சுற்றில் கிழக்குப் பக்கம் திரும்பும்போது விமானம் நேராகச் சூரியனுக்குள் போனது. எனக்குக் கண் கூசியது. சிமிட்டினேன். ஒரு விநாடி, அதிகம் போனால் ஒன்றரை. மறுபடி பார்த்தபோது, இதோ, மஞ்சள் உடம்பு, சிவப்பு நுனி. உயிர் வந்தது.

இடது பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினேன். விமானம் இடது பக்கம் திரும்பியது.

இதில் அதிசயம் எதுவும் இல்லை என்பதை இப்போது விளக்க முடியும். ஒரே திடலில் பறக்கும் எல்லா விமானங்களும் காற்றைப் பார்த்து ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும், இது கிளப் ஒழுக்கம். அந்த மூலைக்கு வந்தால் எந்த விமானமும் இடது பக்கம்தான் திரும்பும். ஆனால் அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், விமானம் திடீரென்று வெண்ணெய் மாதிரி ஓடுகிறது என்பதுதான். அதுவரை இருந்த ஆட்டம் இல்லை, தள்ளாட்டம் இல்லை. வளைவுகள் காம்பஸ் வைத்துப் போட்டது போல இருந்தன. நான் திருப்பியதால் அது திரும்பியதா, அது திரும்புவதைப் பார்த்து நான் திருப்பினேனா என்பதை இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.

எட்டுப் போட வேண்டிய நேரம். ஸ்டிக்கை மெல்ல அசைத்தேன். விமானம் விறுவிறுவென்று மேலே ஏறி, மல்லாந்து, ஒரு முழு வட்டம் அடித்துக் கீழே வந்தது.

பின்னால் பலத்த கைதட்டல். "சூப்பர்!" என்று செந்தில் தன்னையறியாமல் விதியை மீறினார்.

எனக்கு வட்டம் அடிக்கத் தெரியாது. யாரும் சொல்லித் தந்ததில்லை. நேர்மையான ஒருவர் அந்த இடத்தில் சந்தேகப்பட்டிருப்பார். நான் முகத்தை, இதெல்லாம் தினமும் செய்வதுதான் என்பது போல வைத்துக்கொண்டேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். மூர்த்தி சார் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். புருவம் உயர்ந்திருந்தது. எனக்குள் ஏழு மாதமாக உறங்கிக்கிடந்த மேதை விழித்துவிட்டாள் என்று நான் நம்பத் தொடங்கியதும் அந்தக் கணத்தில்தான். பின்னறைக்கு என்ன நிறத்தில் திரைச்சீலை போடுவது என்றுகூட யோசித்தேன்.

அடுத்து விமானம் தலைகீழாகத் திரும்பியது. தலைகீழாகவே, தாழ்வாக, பந்தலை நோக்கி வந்தது.

மேதை ஓடிவிட்டாள். நான் மட்டும் நின்றேன். மோட்டார் வேகத்தைக் குறைத்தேன், குறையவில்லை. ஸ்டிக்கை இழுத்தேன், கேட்கவில்லை. வலது, இடது, மேலே, கீழே. அது பாட்டுக்குத் தலைகீழாகப் பந்தலுக்கு மேலே போய், அழகாகத் திரும்பி, மறுபடி வந்தது. தொண்டை கிழியக் கத்தினேன்:

"கன்ட்ரோல் இல்லை! கன்ட்ரோல் இல்லை!"

இந்தக் குரல் கேட்டால் திடலில் இருப்பவர்கள் எல்லாரும் தலையில் கைவைத்துக் குந்திவிட வேண்டும். பறந்துகொண்டிருக்கும் மற்ற விமானங்களை உடனே இறக்கி வானத்தைக் காலி செய்ய வேண்டும். எல்லாரும் விதிப்படி நடந்தார்கள். மூர்த்தி சார் குறிப்பேட்டைத் தலைமேல் வைத்துக் குந்தினார். செந்தில் இட்லிப் பாத்திரத்தைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டார். (நான்காவது விதியும் போயிற்று.) அத்தை மட்டும் குந்தவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பி, வேறு எங்கோ கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தார். அதிர்ச்சியில் இருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் இரண்டு கைகளையும் ஸ்டிக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இனிமேல் தெய்வச் செயல்.

விமானம் நிமிர்ந்தது. வேகத்தைக் குறைத்தது. ஒரு கொக்கு வயலில் இறங்குவது போல, சக்கரம் படும் சத்தம்கூட இல்லாமல், ஓடுபாதையின் நட்ட நடுவில் இறங்கி நின்றது.

பிறகு செந்தில் எழுந்து கை தட்டினார். நான் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு மூர்த்தி சார் பக்கம் திரும்பி, இன்று நினைத்தாலும் தலையணைக்குள் முகத்தைப் புதைக்க வைக்கும் அந்த இரண்டு வார்த்தைகளைச் சொன்னேன்:

"சமாளிச்சிட்டேன், சார்."

அப்போது ஜீப்புக்குப் பின்னாலிருந்து அன்வர் பாய் வந்தார். கழுத்தில் ட்ரான்ஸ்மிட்டர் தொங்கியது. நேராக ஓடுபாதைக்குப் போய் விமானத்தைக் கையில் எடுத்தார்.

"பாய், விடுங்க, நானே எடுத்துக்கிறேன்."

"எதைம்மா?"

"என் பிளேனை."

பாய் விமானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விமானத்தைப் புரட்டி அதன் வயிற்றைக் காட்டினார். அவர் துணிக்கடையின் ஸ்டிக்கர், தொலைபேசி எண்ணோடு.

"அரே, இது என்னோடதும்மா. யாருக்கோ கன்ட்ரோல் போச்சுன்னு குரல் கேட்டுச்சு. சரி, நம்ம பிளேன் நடுவுல எதுக்குன்னு சீக்கிரமா இறக்கிட்டேன். யாருக்குப் போச்சு?"

மூர்த்தி சார் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைச் சத்தமில்லாமல் கிழித்துச் சட்டைப்பையில் வைத்தார். (அதில் அவர் என்ன மதிப்பெண் போட்டிருந்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. அவரும் அந்த விமானத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தார் என்று நானும் இன்றுவரை கேட்கவில்லை.)

செந்தில்தான் முதலில் மீண்டார். "அப்போ நம்மளுது எங்கே?"

எல்லாரும் வானத்தைப் பார்த்தோம். வானம் மிகவும் சுத்தமாக இருந்தது.

பந்தலிலிருந்து அத்தை கையைத் தூக்கினார். "இப்போ பேசலாமா?"

"பேசுங்க அத்தை!"

"அது அப்பவே அந்தப் பக்கம் போயிடுச்சேம்மா. மூணாவது சுத்துல சூரியன்கிட்ட போச்சு பாரு, அங்கிருந்து தள்ளாடிக்கிட்டே அப்படியே. சின்னதா ஆகி, ஆகி, அதோ தெரியுதே தண்ணித் தொட்டி, அதுக்கு இடது பக்கம் இறங்கிச்சு. நீ என்னடான்னா வேற எதையோ பாத்து ஆட்டிக்கிட்டிருந்தே."

கறுப்புக் கண்ணாடி. எங்கள் எல்லார் கண்ணும் கூசியபோது அத்தையின் கண் மட்டும் கூசவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து பதினைந்து நாள் ஆன கண்.

"ஏன் அத்தை சொல்லலை?"

அத்தை கைப்பையைத் திறந்தார். நான்காக மடித்த தாளைப் பிரித்தார்.

"மூணாவது விதி. யாரும், எந்தக் காரணத்தை முன்னிட்டும். நீதானே போட்டிருக்கே, தடிமனா வேற. 'அவசரம் நீங்கலாக'ன்னு ரெண்டு வார்த்தை சேர்த்திருந்தா சொல்லியிருப்பேன்."

ஆறு வருடம் அடுத்தவர் வாக்கியத்தில் விடுபட்ட வார்த்தைகளைத் தேடியவள் நான்.

"அப்புறம் எதுக்குக் கை தட்டினீங்க?"

"அஞ்சாவது விதியில தட்டலாம்னு இருந்துச்சு. அந்தப் பிளேனும் நல்லாத்தானேம்மா போச்சு?"

அன்வர் பாயையும் ஏற்றிக்கொண்டு காரில் கிளம்பினோம். அத்தை முன்னிருக்கையில் உட்கார்ந்து வழி சொன்னார். தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால், கலர் கலராகக் கொடி கட்டி, வளைவு வைத்து, புதிதாக மனை பிரித்த லேஅவுட். ஒரு மனையில் கூட்டம். யாரோ வீடு கட்டக் குத்தலி பூஜை, அதாவது நம் பூமி பூஜை, செய்துகொண்டிருந்தார்கள். நான்கு மூலையிலும் வாழைக்கன்று. நடுவில் அய்யர். வடகிழக்கு மூலையில் என் விமானம்.

அது முழுசாக இருந்தது. கீறல்கூட இல்லை. மூக்கில் மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். விசிறியில் சாமந்திச் சரம் சுற்றியிருந்தது. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதா வேண்டாமா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது.

அதிகத் தூரம் போய்த் தொடர்பு அறுந்தால் மோட்டார் தானாக நின்றுவிடும்படி மூர்த்தி சார் அமைத்துக் கொடுத்திருந்தார். மோட்டார் நின்று, யாரும் தொந்தரவு செய்யாததால் விமானம் நிம்மதியாக மிதந்து வந்து இறங்கியிருக்கிறது. அதன் வாழ்நாளிலேயே மிக நல்ல தரையிறக்கம் அதுதான். நான் ஓட்டிய ஒருநாள்கூட அது அப்படி இறங்கியதில்லை.

"இது நிம்தா?" என்று கேட்டார் பட்டுப்புடவை கட்டிய வீட்டுக்கார அம்மாள். உங்களுடையதா என்கிறார். தலையாட்டினேன். தேங்காய் உடைக்கக் கையை ஓங்கிய அதே நொடியில் ஈசானிய மூலையில் வந்து இறங்கியதாம். கை கூப்பினார். எடுத்துக்கொண்டு போகலாமா என்று கேட்டதற்கு, பூஜை முடிகிற வரை, இன்னும் அரை மணி நேரம், அங்கேயே இருக்கட்டுமே என்று கெஞ்சினார்.

பக்கத்தில் மனை விற்கும் தரகர், வெள்ளைச் சட்டை, வேறொரு குடும்பத்திடம் விமானத்தைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது: "நோடி சார், ஏர்போர்ட் எஷ்டு ஹத்திர!" விமான நிலையம் எவ்வளவு கிட்டே, பாருங்கள் சார்.

அத்தை அவரிடம் போய், இந்த லேஅவுட்டுக்குத் தாய்ப்பத்திரம் இருக்கிறதா, எத்தனை வருடத்துக்கு வில்லங்கச் சான்று எடுத்திருக்கிறீர்கள் என்று தமிழில் விசாரித்தார். தரகருக்குத் தமிழ் தெரியும் போலிருக்கிறது. அதன்பிறகு அவரைக் காணவில்லை.

அரை மணி நேரம் உட்கார்ந்து கேசரி சாப்பிட்டோம். திரும்பும் வழியில் விமானம் அத்தையின் மடியில், சாமந்தியோடு. நான் பின்னிருக்கையில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பரணின் நீள அகலத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்திலிருந்த அன்வர் பாய் தொண்டையைக் கனைத்தார்.

"ஒண்ணு சொல்லணும். பதினோரு வருஷமா பிளேன் விடறேன். வீட்ல ஒருத்தரும் வந்து பாத்தது கிடையாது. பசங்க ஒருவாட்டி வந்தாங்க, வெயில்னு கார்லயே உக்காந்துக்கிட்டாங்க. எங்க வீட்டம்மா, 'பொம்மை விளையாடப் போறீங்களா'ன்னுதான் கேப்பாங்க. இன்னிக்கு நான் மேலே ஏத்தறேன், கைதட்டல் கேக்குது. யாருக்கோன்னு விட்டுட்டேன். ஒரு வட்டம் அடிச்சேன், ஜோரா கைதட்டறாங்க, சூப்பர்னு வேற ஒரு சத்தம். அப்போதான் புரிஞ்சுச்சு, எனக்குத்தான்னு. ஒரு மாதிரி ஆயிடுச்சு எனக்கு. சரி, இன்னொண்ணு காட்டுவோம்னுதான் தலைகீழா விட்டேன். பயந்துட்டீங்களா?"

கைதட்டல் யாருக்காக என்பது பாயைத் தவிர எல்லாருக்கும் தெரியும். செந்தில் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

"பயமா? சே சே. உங்களுக்குத்தான் பாய் தட்டினோம்" என்றார் செந்தில். "தலைகீழா வந்தது பிரமாதம்."

"அடுத்த வாரமும் வாங்க. தலைகீழாவே எட்டு போட்டுக் காட்டறேன்."

"கண்டிப்பா வர்றோம்" என்றார் அத்தை. அவர் சொன்னால் அது பதிவான மாதிரி.

அன்று மாலை ஒப்பந்தம் நிறைவேற்றப்பட்டது. நான் தேர்வில் தோற்றவள். அதுவும், தேர்வையே வேறொருவர் எழுத, எழுதியது நான் என்று நினைத்துக்கொண்டு தோற்றவள். சாமான்கள் பரணுக்கு ஏறின. ஏழு மாதத்துக்குப் பிறகு மேசையில் சாப்பிட்டோம். பசை ஒட்டிய இடத்தில் செந்திலின் தட்டு அசையவே இல்லை, அது ஒரு வசதி.

அடுத்த ஞாயிறு ஆறரை மணிக்கு எழுந்து வந்தால், செந்தில் குளித்துச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறார். அத்தை கறுப்புக் கண்ணாடியோடு செருப்பு மாட்டுகிறார். இட்லிப் பாத்திரம் தயார்.

"எங்கே?"

"பாய் தலைகீழா எட்டு போடறேன்னாரே. நீயும் வர்றியா?" என்று கேட்டார் செந்தில்.

போனேன். வேறு என்ன செய்ய? அத்தை ஊருக்குத் திரும்பும் தேதியை இரண்டு முறை தள்ளிப்போட்டார். மூன்றாவது வாரம் பாயின் மனைவியும் வந்துவிட்டார், தன் வீட்டுக்காரருக்கு யார் அப்படிக் கை தட்டுகிறார்கள் என்று நேரில் பார்க்க. பார்த்துவிட்டு அவரும் தட்டினார். எப்படியும் எல்லாரும் திடலுக்குப் போகிறோம் என்ற நிலையில் என் விமானம் மட்டும் பரணில் இருப்பது நியாயமில்லை என்று செந்திலே ஏணி போட்டு இறக்கிக் கொடுத்தார். அறைக்கான ஒப்பந்தத்தை மட்டும் புதுப்பித்துக்கொண்டார்: பாஸ் பண்ணு, பின்னறை உனக்கு.

நான்காவது வாரம் மறுபடி தேர்வு. இறக்கையின் அடியில் மூன்று கறுப்புப் பட்டை ஒட்டியிருந்தேன். குளிர்கண்ணாடி போட்டிருந்தேன். விதிகள் அச்சிடவில்லை. மேலே ஏற்றினேன். மூன்று சுற்று. சூரியனுக்குள் போனது, மூன்று பட்டையோடு வெளியே வந்தது. எட்டு, கொஞ்சம் கோணலாக, ஆனால் எட்டுதான். இறக்கம், இரண்டு முறை துள்ளியது, நின்றது. எல்லாமே நான் செய்தது. கோணலும் துள்ளலுமே அது என்னுடையது என்பதற்குச் சாட்சி.

"ஆய்த்து. பாஸ்" என்றார் மூர்த்தி சார். கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார்.

பின்னால் கைதட்டல் இடி மாதிரி கேட்டது. கண் நிறைய, தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினேன்.

பந்தலில் செந்தில், அத்தை, பாயின் மனைவி மூன்று பேரும் எழுந்து நின்று, அண்ணாந்து பார்த்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அன்வர் பாய் தலைகீழாக எட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்.

பின்னறை எனக்குக் கிடைத்துவிட்டது, கையெழுத்தைப் பார்த்து அத்தை சிபாரிசு செய்ததில். இப்போது அங்கே இரண்டாவது விமானம் வளர்கிறது. இது பச்சை. வீட்டுக்கு வருகிறவர்கள் அந்த அறையை எட்டிப் பார்த்து வியந்து, இதெல்லாம் நிஜமாகப் பறக்குமா என்று கேட்கும்போதெல்லாம் செந்தில் காபி டம்ளரை மேசைமேல் வைத்துவிட்டு, முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் சொல்வார்:

"உமா ரொம்ப நல்லா ஓட்டுவாளாம். நாங்க யாரும் பாத்ததில்லை."